முதல் மூட்டைக்கு எண் இல்லை

1. தலைச்சுமையாக இரண்டாயிரம் கிலோ

ஆனைக்கரையிலிருந்து வந்த ரிப்போர்ட்டின்படி, ஒரு பெரியவர் இரண்டாயிரம் கிலோ பச்சை ஏலக்காயை ஒரே சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பாலக்காட்டில் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். பெரியவரைப் பாராட்டுவதா, புரோகிராமைத் திட்டுவதா என்று தெரியவில்லை. அதை எழுதியவன் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டதால் புரோகிராமையே தாராளமாகத் திட்டினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். ஆனைக்கரை குமுளிப் பக்கத்து ஏலக்காய் ஊர். அங்கே ஒரு ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றதும் கடை என்று நினைக்க வேண்டாம். பச்சைக் காயை உலர்த்தும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் பறித்த காயைச் சாக்கில் கட்டி ஜீப்பில் கொண்டுவருவார்கள். ஸ்டோரில் எடை போட்டு, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தகர டோக்கனைக் கட்டி, தட்டுகளில் பரப்பி உலர்த்துவார்கள். அவரவர் காய் அவரவருக்கே உலர்ந்து திரும்பிப் போக வேண்டும் என்பதால் டோக்கன் மாறவே கூடாது. இதையெல்லாம் டேப்லெட்டில் பதிந்துகொள்ள எங்கள் முதலாளி நிஜாமுதீன் ஒரு புரோகிராம் செய்து கொடுத்திருந்தார். சீசனுக்கு முன்னால், டோக்கன் கட்டாமல், சின்னதாக ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. அதன் ரிப்போர்ட்தான் இது.

எடை என்ற பெட்டியில் யார் என்ன அடித்தாலும் அந்தப் புரோகிராம் வாங்கிக்கொண்டது. பெரியவரின் தோட்டத்துப் பிளாக்குக்கு 2E3 என்று பெயர். எடை போட்டவர் பிளாக் பெயரை எடைப் பெட்டியில் அடித்துவிட்டார். நடுவில் E வந்தால் கம்ப்யூட்டர் அதை இரண்டும் அதற்குப் பின்னால் மூன்று சைபரும் என்று படிக்கும். விஞ்ஞானிகள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது, தலைச்சுமைக்காரர்களுக்காகச் செய்ததில்லை.

இன்னும் இருந்தது. ஒரு நாள் எடைப் பெட்டியில் “48 ஈரச்சாக்கு” என்று அடித்திருந்தார்கள். புரோகிராம் முன்னால் இருந்த 48-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஈரத்தை விட்டுவிட்டது. ஒன்றுமே அடிக்காமல் விட்ட பெட்டியைச் சைபர் கிலோ என்று எடுத்துக்கொண்டது. “நேத்து மாதிரியே” என்று ஒரு பதிவு. கடைசி நாள் எடை, “மழை”.

நிஜாம் அண்ணன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான், ஆனாலும் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

“கோமதி, மழைன்னா எத்தனெ கிலோ?” என்று கேட்டார்.

“தெரியலீங்ணா.”

“எனக்கும் தெரியலே. ஆனா நம்மெ ப்ரோக்ராமுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒண்ணும் சொல்லாமெ வாங்கி உள்ளே வெச்சிருக்கு. இனிமே எண் போற பெட்டியிலெ எண்ணு மட்டும்தான் போகணும். ஒரு எழுத்து உள்ளே போச்சுன்னா அது ப்ரோக்ராம் இல்லே, சந்தெ.”

அன்றே அவர் ஒரு காரியம் செய்தார். எண்ணா இல்லையா என்று பார்க்கும் செக்கைத் தன்னுடைய பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்தார். பின்னால் எனக்கு வந்த தொல்லை முழுவதும் அந்தப் பூட்டில்தான் தொடங்கியது.

2. அறையை அளக்க வருகிறவர்

எங்கள் ஆபீஸ் என்பது ஒரு நீள அறை. அது நிஜாம் அண்ணனின் குடும்பச் சொத்து. அவருடைய மாமு, அதாவது அம்மாவின் தம்பி, பக்கத்துத் தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தார். மண்டிக்கு குடோன் போதவில்லை. அதனால் எங்கள் அறையின் மேல் அவருக்கு ஒரு கண்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருவார். சலாம் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். கதவோரச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து, “பரக்கத்து... ரெண்டு... மூணு... நாலு...” என்று எண்ணிக்கொண்டே எதிர்ச் சுவர் வரை நடப்பார். நடுவில் என் நாற்காலி இருந்தால், “அம்மணி, கொஞ்சம் காலெ எடுத்துக்கோங்க” என்பார். நான் எடுத்துக்கொள்வேன். என் மேஜை இருக்கும் இடத்தில் பொன்னி அரிசியும் சர்வர் இருக்கும் மூலையில் தவிடும் வைப்பதாகத் திட்டம். போன வாரம் அளந்த அறை இந்த வாரம் வளர்ந்திருக்காது என்று ஒரு தடவை சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சாமான் வர்ற எடத்தெ அளந்துட்டே இருக்கணும்” என்றார்.

நிஜாம் அண்ணன் இதைப் பார்த்துச் சிரிப்பார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்த வருஷம் எங்களுக்கு ஆனைக்கரையை விட்டால் வேறு கஸ்டமர் இல்லை. “ஆனைக்கரெ அக்கா சீசன் முழுக்க வேணும்னு சொல்லிட்டா ஆபீஸ் நடக்கும். வேண்டான்னு சொன்னா நான் மாமுக்குச் சாவியெக் குடுத்துருவேன் கோமதி. வேறெ வழியில்லே” என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. என் மகள் பக்கத்தில் இருக்கும் சித்தூர் காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வாளையார் தாண்டிக் கோயமுத்தூர் போனால் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் தலை நரைத்த புரோகிராமரை யார் எடுப்பார்கள்? என் அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: “பேசாம ஊட்டுக்கு வந்துரு, தோப்புல தேங்காய் எண்ண ஒரு ஆள் வேணும்.” பதினெட்டு வயதில் அந்தத் தேங்காயிலிருந்து தப்பித்து வந்தவள் நான்.

3. யாராலும் ஏமாற்ற முடியாத பெட்டி

பயத்தில் எழுதும் புரோகிராம் மிகவும் கண்டிப்பாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே காவல்காரனை நிறுத்தினேன். சைபரிலிருந்து ஒன்பது வரைக்கும் இலக்கங்கள் மட்டும் உள்ளே போகலாம். எடையில் ஒரு புள்ளி வரலாம், இரண்டு வரக்கூடாது. E வரக்கூடாது. கழித்தல் குறி வரக்கூடாது. பெட்டி காலியாக இருக்கக்கூடாது. முன்னால் பின்னால் இடைவெளி இருந்தால் வெட்டிவிடு. சைபருக்குப் பதில் ஓ என்ற எழுத்தை அடித்தால் பிடித்துவிடு. ஒரு ஜீப் சுமக்க முடியாத எடை வந்தால் நிறுத்து.

பழைய தமிழ் எண்களையும் சேர்த்துக்கொண்டேன். நான்குக்கு ௪ என்று ஒருவர் போட்டாலும் என் பெட்டி வாங்கிக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் அந்த எண்களை எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனைக்கரையிலும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அதை ஒரு நாள் முழுக்க டெஸ்ட் செய்தேன்.

தப்பாக எதை அடித்தாலும் பெட்டி சிவப்பாகி “எண் மட்டும் இடவும்” என்று காட்டும். கூடவே ஒரு குரலும் வைத்தோம். பதிவு சரியாக விழுந்தால் டேப்லெட் மூட்டை எண்ணைச் சத்தமாகச் சொல்லும். தள்ளி நிற்கிற தோட்டக்காரருக்கும் கேட்க வேண்டும் என்பது நிஜாம் அண்ணனின் யோசனை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரியான குரல் அது. அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பாலக்காட்டிலிருந்து ஆனைக்கரைக்குப் போக எனக்கு வசதியான வழி பொள்ளாச்சி, தேனி, கம்பம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். கம்பம்மெட்டு மலை ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது, லேப்டாப்பை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

4. முன்னால் நிற்க ஆளில்லாத வரிசை

ஸ்டோர் முதலாளி பாண்டியம்மா அக்கா. பூர்விகம் போடிப் பக்கம். ஆம்பளை ரிஸ்ட் வாட்ச் கட்டி, முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வார். குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். எடை போடுகிறவர் தங்கராசு, டேப்லெட்டில் அடிப்பதும் அவரேதான். சீசனின் முதல் பறிப்பு, மதியம் வாசலில் ஜீப்புகள் நின்றன. வரிசையில் முதல் ஆள் மத்தாயி சேட்டன் என்ற தோட்டக்காரர்.

சேட்டனின் சாக்கு தராசில் ஏறியது. தங்கராசு பெயரை அடித்தார், எடையை அடித்தார், ஆணியில் தொங்கிய தகர டோக்கன்களில் முதலாவதை எடுத்துப் பார்த்து மூட்டை எண் பெட்டியில் அடித்தார். பெட்டி சிவந்தது.

“ஏம்மா, செவப்பாகுதே” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பெட்டியில் “லாபம்” என்று இருந்தது. அவர் கையில் இருந்த டோக்கனிலும் மஞ்சள் பெயிண்டில் லாபம் என்றே எழுதியிருந்தது. அடுத்த டோக்கனைப் புரட்டினேன். 2. அதற்கடுத்தது 3. ஒன்று என்ற டோக்கனே அந்த ஸ்டோரில் அடிக்கப்படவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்று என்று சொன்னால் அதோடு நின்றுவிடும் என்று ஒரு எண்ணம். இரண்டாவதிலிருந்துதான் எண்கள் வரும். இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் களத்தில் கேட்டது கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

“லாபம்னா ஒண்ணுதானுங்களே, 1-ன்னு அடிச்சுப்போடுங்க” என்றேன்.

தங்கராசு என்னைப் பார்த்தார். பிறகு பாண்டியம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “சீசன் மொத மூட்டைக்கா? நான் அடிக்க மாட்டேன். வேணும்னா நீ அடி” என்று டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார்.

அடித்தேன். பெட்டி பச்சையானது. ரயில்வே ஸ்டேஷன் குரல் ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: “மூட்டை எண் ஒன்று.”

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு ஜீப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் டிரைவர் அணைத்தார். மத்தாயி சேட்டன் மெதுவாக வந்து தன் சாக்கைத் தராசிலிருந்து இறக்கினார்.

“எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லா. நிங்ஙள் முன்னாடி போங்க, ஞான் பின்னே வராம்” என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார்.

பின்னால் நின்றவர், “நமக்கும் அவசரம் இல்லீங்க, கட்டன் சாயா குடிச்சிட்டு வர்றேன்” என்று கிளம்பினார். அதற்குப் பின்னால் நின்றவருக்கு அப்போதுதான் ஜீப்பில் எதையோ மறந்தது நினைவுக்கு வந்தது. அந்த மலையில் ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை காட்டி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை அப்படியே திரும்பி கேட்டைப் பார்த்து நின்றது. தராசுக்கு முன்னால் நான் மட்டும் நின்றேன்.

பாண்டியம்மா அக்கா ஒரு சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். பறித்த பச்சைக் காயைச் சாக்கில் கட்டி வெயிலில் போட்டால் உள்ளே சூடேறும். சூடேறினால் பச்சை நிறம் போய் மஞ்சளித்துவிடும். மஞ்சள் காயை ஏலத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“கதகதன்னு இருக்கு. வெயிலு இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வர்றதுக்குள்ள சரிபண்ணு தாயி. இல்லைன்னா இந்தப் பலகையை எடுத்துக்கிட்டு நீ பஸ் ஏறிரு, நாங்க பழையபடி சிலேட்டுல எழுதிக்கிறோம்” என்று டேப்லெட்டைக் காட்டினார். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

லேப்டாப்பைச் சாக்கின் மேல் வைத்துத் திறந்தேன். செக்கை மாற்ற பாஸ்வேர்ட் வேண்டும். ஆனால் மூட்டை எண்ணைப் புரோகிராம் தானாகவே போடும்படி செய்வதற்குப் பாஸ்வேர்ட் வேண்டாமே. எந்த எண்ணில் தொடங்குவது? எங்கள் தொழிலில் எண்ணிக்கையைச் சைபரில்தான் தொடங்குவோம். அதையே வைத்தேன். கெஞ்சிக் கூப்பிட்டு ஒருவரைத் தராசுக்கு முன்னால் நிறுத்தினோம். குரல் வந்தது: “மூட்டை எண் பூஜ்யம்.”

தூரத்தில் நின்ற மத்தாயி சேட்டன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஆத்தி, அதுக்கு ஒண்ணே தேவலாமே” என்றார் அக்கா.

அப்படியானால் இரண்டில் தொடங்கலாம். குரலும் நல்லபடியாக “மூட்டை எண் இரண்டு” என்றது. ஆனால் தங்கராசு கையில் லாபம் டோக்கனை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பலகையில ரெண்டு, டோக்கன்ல லாபம். அடுத்த மூட்டைக்குப் பலகையில மூணு, டோக்கன்ல ரெண்டு. அப்ப ரெண்டாம் நம்பர் தட்டுல யாரு காயி கிடக்கும்?”

நான் இரண்டை அழித்தேன்.

“ஒருத்தன் காயி இன்னொருத்தன் தட்டுல போச்சுன்னா ஊரே திரண்டு என் வாசலுக்கு வந்துரும்” என்றார் அக்கா. வெயில் கேட்டின் கம்பிகளில் விழ ஆரம்பித்திருந்தது.

5. போனில் கேட்ட எண்ணிக்கை

ஒரே ஒரு வழிதான் இருந்தது. டோக்கனில் என்ன இருக்கிறதோ அதைப் பெட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நின்று நிஜாம் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எழுத்தா? நடக்காது” என்றார்.

“ஒரே ஒரு வார்த்தெதானுங்ணா.”

“இன்னைக்கு ஒரு வார்த்தெம்பே. நாளைக்கு மழை வந்து உள்ளே ஒக்காந்துக்கும். எண்ணுப் பெட்டின்னா எண்ணு. லாபம் எண்ணா? லாபத்தெ ரெண்டாலெ பெருக்கிக் காட்டு பாப்போம்.”

“அண்ணா, காயெல்லாம் சூடாயிட்டு இருக்குதுங்க. வேண்டான்னு சொல்லிப்போடுவாங்க.”

“அதுக்காக ரூலெ ஒடெக்கறதா? அப்புறம் நமக்கும் பெங்களூர் போனவனுக்கும் என்ன வித்தியாசம்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். கேட்டில் விழுந்த வெயிலை எட்டிப் பார்த்தேன். அந்த இடைவெளியில் போனுக்குள், தூரத்தில், ஒரு குரல் கேட்டது. அன்று வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம்.

“பரக்கத்து... ரெண்டு... மூணு...”

“அண்ணா, அங்கெ பேசறது யாருங்க?”

“மாமுதான். ரூமெ அளக்கறாரு. நீ விஷயத்துக்கு வா.”

“மொத அடிக்கு என்னன்னு எண்ணினாருங்க?”

“அதெ ஆரு கவனிக்கறா?” என்றார் நிஜாம் அண்ணன்.

“நானே கேட்டேனுங்ணா. பரக்கத்துன்னாரு. ஏன், ஒண்ணுன்னு எண்ணலாமில்லீங்க?”

“அது எப்படி எண்ணுவாரு? மொத அளவெ எங்கெ மண்டிலெ ஆரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. பெருகி வரட்டும்னு அத்தா காலத்துலெருந்து பரக்கத்துன்னுதான்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

“சரிங்ணா. இப்ப ரூம் எத்தனெ அடின்னு மாமுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“ஒரு அடி கொறையாமெ?”

“கொறையாமெ.”

“அப்பப் பரக்கத்துங்கறது எண்ணுதானுங்களே.”

போனில் மாமு எதிர்ச் சுவரை எட்டியது கேட்டது. கடைசி எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பொன்னி அரிசியை எங்கே அடுக்குவது என்று யாரையோ கேட்டார். நிஜாம் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“பாஸ்வேர்ட் சொல்றேன், எழுதிக்கோ.” பிறகு கொஞ்சம் தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னார். “அதுவும் பரக்கத்துன்னுதான் ஆரம்பிக்குது. சிரிக்காதே.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை.

6. பச்சையான பெட்டி

மாற்றம் ஐந்தாறு வரிதான். மூட்டை எண் பெட்டியில் லாபம் என்று வந்தால் கணக்குக்கு அதை 1 என்று வைத்துக்கொள், ஆனால் திரையில் லாபம் என்றே காட்டு, குரலும் அப்படியே சொல்லட்டும். வேறு எந்த எழுத்துக்கும் பழையபடி சிவப்பு. கையோடு பரக்கத்தையும் அந்த வரியில் சேர்த்துவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் அப்போது எனக்கு அந்த வார்த்தையின் மேல் ரொம்பப் பிரியமாகிவிட்டது.

தங்கராசு மறுபடியும் டோக்கனைப் பார்த்து அடித்தார். ஸ்டோர் முழுக்க அந்த ஸ்டேஷன் குரல் கேட்டது: “மூட்டை எண் லாபம்.”

யாரோ “ஓஹோ” என்றார்கள். அடுத்த நிமிஷம் வரிசை மறுபடியும் திரும்பியது. இத்தனை நேரம் சாயா குடிக்கப் போனவர், ஜீப்பில் மறந்ததைத் தேடியவர், எல்லோரும் ஒரே சமயத்தில் தராசுக்கு வந்துவிட்டார்கள். தான்தான் முதலில் நின்றதாக மத்தாயி சேட்டன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். “பின்னே வராம்னு நீரு சொன்னது எங்க காதுல விழுந்துச்சே” என்றார் இன்னொருவர். அக்கா குறுக்கே போய் நின்று சேட்டனின் சாக்கையே முதலில் ஏற்றச் சொன்னார். அதற்கப்புறம் மூட்டைகள் சரசரவென்று ஏறின. வெயில் கேட்டைத் தாண்டியபோது வாசலில் ஒரு சாக்கும் மிச்சமில்லை. அக்கா தட்டில் பரப்பிய காயைக் கிளறி ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் இன்னொரு வம்பு. மிஷின் வாயால் லாபம் கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு விடிவதற்குள் ஜீப்பைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்திவிட்டார்கள். தங்கராசு தன் பங்குக்கு எடைப் பெட்டியிலும் லாபம் என்று அடித்துப் பார்த்தார். சிவந்தது.

“எடைக்கு லாபம் வேணாமாம்மா?” என்று கேட்டார்.

“எடெக்குக் கிலோதானுங்க வேணும்” என்றேன்.

“கறாரான பொம்பளை” என்று அக்காவிடம் என்னைப் பற்றிச் சொன்னார்.

பிடித்திருக்கிறதா, சீசனுக்கு வேண்டுமா என்று அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். “இந்தா பாரு, சார்ஜர் வயரு குட்டையா இருக்கு. அடுத்த தடவை வரும்போது நீளமா ஒண்ணு கொண்டா. மார்கழி வரைக்கும் ஓடணும்ல.” அவ்வளவுதான் சொன்னார். நான் சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கம்பம்மெட்டு இறக்கம் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

7. கடைசியாக ஒரு அளவு

எண்ணா என்று சோதிக்க இன்றைக்கு எல்லா மொழியிலும் ரெடியாக ஃபங்ஷன் இருக்கிறது. கூப்பிட்டால் ஆம், இல்லை என்று சொல்லும். அதைப் பயன்படுத்துங்கள், E-யையும் காலிப் பெட்டியையும் மறக்காதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள். பெட்டியில் அடிக்கப் போகிறவர் வேலை நேரத்தில் வாய்விட்டு எண்ணுவதை முதலிலிருந்து கேளுங்கள். பழைய தமிழ் எண்ணை ஒரு நாள் முழுக்க டெஸ்ட் செய்த நான், வாராவாரம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டு போனதைக் காதில் வாங்கவே இல்லை. இப்போது எங்கள் டெஸ்ட் வரிசையில் முதல் சோதனை லாபம். இரண்டாவதிலிருந்துதான் எண்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமு வந்தார். அறை காலியாகவில்லை என்று சொல்ல நிஜாம் அண்ணனுக்கு வாய் வரவில்லை, என்னைச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார். நான் சொன்னேன்.

“அளந்து வெச்சிருக்கேனே அம்மணி” என்றார் மாமு. முகம் வாடிவிட்டது. பிறகு, “அன்னைக்குப் போன்லெ என்னெப் பத்தி என்னமோ பேசினீங்களாமே?” என்று கேட்டார்.

நான் டேப்லெட்டை அவர் முன்னால் வைத்து, மூட்டை எண் பெட்டியைக் காட்டினேன். மண்டியில் முதல் மூட்டைக்கு என்ன சொல்வாரோ அதை அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பெட்டி பச்சையானது. “மூட்டை எண் பரக்கத்து” என்றது குரல்.

மாமு டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க” என்றார். சொல்லியது. “இதெ நம்மெ மண்டிலெ எப்பொ மாட்டுவீங்க?”

“சொன்னா நாளைக்கே வர்றேனுங்க” என்றேன். நிஜாம் அண்ணன் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

மாமு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். நிஜாம் அண்ணன் பதறிப்போய், “இன்னும் எதுக்கு மாமு அளக்கறீங்க? ரூம்தான் இல்லேன்னு ஆயிருச்சே” என்றார்.

“மண்டி வேலெயும் வந்தா ஆளு கூடும், மேஜெ கூடும். உங்களுக்கு எடம் பத்துமான்னு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு, மாமு குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்தார். அவர் சொல்லாமலே நான் காலை எடுத்துக்கொண்டேன்.

“பரக்கத்து...”